மொட்டாக அனுப்பினேன், மலர்ந்து வந்தது: பூ அனுப்புவோர் கேள்விகளும் பதில்களும்

கடைக்குச் சொல்லி வெளியூரில் இருப்பவர்களுக்குப் பூ அனுப்புவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனத்தாங்கல்தான்: படத்தில் பார்த்தது ஒன்று, வாசலுக்கு வந்தது வேறொன்று. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவின் சதாபிஷேகத்துக்கு இங்கிருந்து ஆன்லைனில் பூங்கொத்துக்குப் பணம் கட்டினேன். படத்தில் இருபத்துநான்கு சிவப்பு ரோஜா, நடுவில் வெள்ளை லில்லி. போய்ச் சேர்ந்தது பத்து ஜெர்பராவும் கொஞ்சம் பச்சை இலையும். ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகி ஒருவர், டொரண்டோ

ஏமாற்று என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. இப்படிப்பட்ட தளங்களில் பலவற்றுக்குச் சொந்தமாகக் கடை கிடையாது. உங்கள் ஆர்டரை வாங்கி, பூ போக வேண்டிய ஊரிலுள்ள ஒரு கடைக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் கட்டுவது 2,000 ரூபாய் என்றால் தளத்தின் பங்கும் கொண்டுபோகும் கூலியும் கழிந்து கடைக்காரர் கைக்கு 1,200 வருகிறது என்று வையுங்கள். அவர் 1,200-க்கான கொத்தைத்தான் கட்டுவார். படமோ எங்கோ ஒரு பெருநகரத்தில் எடுத்தது.

இன்னொன்றும் உண்டு. நீளத்தண்டு ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும், கார்னேஷன் நீலகிரியிலிருந்தும் வர வேண்டியவை. டெல்டா ஊர்க் கடைகளில் லில்லியை யாரும் தினமும் வாங்கி வைப்பதில்லை. முன்பே சொன்னால்தான் தருவிப்பார்கள். முந்தின நாள் ராத்திரி ஆர்டர் விழுந்தால், காலையில் வாளியில் எது நிற்கிறதோ அது கொத்தாகிவிடும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். ஊரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவரிடம், கல்யாண மண்டபங்களுக்கு வழக்கமாகப் பூ போடும் கடை எது என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கோடைகாலத்தில் உங்களூர் இரவு 9 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30, பூக்கடை திறந்து, சரக்கு இறங்கி, கடைக்காரர் பேசக்கூடிய நேரம். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பே கூப்பிடுங்கள். "இந்தப் படத்தில் இருப்பது மாதிரி வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இவ்வளவு ரூபாய், இந்த நிறம், அன்றைக்கு என்ன பூ வரும்?" என்று கேளுங்கள். "அது வராவிட்டால் என்ன போடுவீர்கள்?" என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். மாற்றுப்பூ எது என்பதை நீங்கள் சொல்லிவைக்காவிட்டால் கடைக்காரரே முடிவு செய்துகொள்வார். பணத்தை உறவுக்காரர் ஜிபே செய்துவிடட்டும். வண்டி கிளம்புமுன் வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ கேளுங்கள். கொடுத்தபின் வரும் போட்டோவால் புண்ணியமில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சதாபிஷேகத்துக்குப் பூங்கொத்தைவிட, தம்பதிக்கு மாலை ஜோடியும் வந்திருக்கும் பெண்களுக்குத் தலைக்கு மல்லியும் அனுப்புவது பொருத்தம். அந்த ஊர்க் கைகளுக்கு நன்றாக வருவதும் அதுதான். ஆனால் மாலையின் எடையைச் சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். நெருக்கிக் கட்டிய சம்பங்கி மாலை தண்ணீர் தெளித்தபின் எண்பது வயதுக் கழுத்துக்குச் சுமை. இடுப்புவரை வேண்டாம், நெஞ்சோடு நிற்கட்டும். பிடரியில் படும் இடத்தில் நார் முடிச்சு உறுத்தாமல் துணியோ ரிப்பனோ சுற்றித் தரச் சொன்னால் செய்து தருவார்கள்.

மதுரையிலிருந்து சென்னைக்கு மகளின் வளைகாப்புக்கு ஒரு கிலோ மல்லிகை மொட்டு வாங்கி இரவு பஸ்ஸில் பார்சல் போட்டோம். காலையில் பிரித்தால் எல்லாம் மலர்ந்து, பாதி பழுப்பு. நல்ல பூ என்று பார்த்துத்தான் வாங்கினோம்.
— மதுரை வாசகர்

பூவில் குறையில்லை. குறை கடிகாரத்திலும் கட்டிய விதத்திலும்.

மல்லியை விடியுமுன் தொடங்கிக் காலைக்குள் பறித்துவிடுவார்கள், முற்றிய ஆனால் விரியாத மொட்டாக. பறித்த மொட்டு அன்றைக்குச் சாயந்திரம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல், தானாகவே விரியும். செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நீங்கள் இரவு ஒன்பது மணிக்குப் பார்சல் போட்டபோதே அது வாயைத் திறந்துகொண்டிருந்திருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு இதழ் தடிமன், மற்ற ஊர்ப் பூவைவிடத் தாங்கும். அதற்காக எட்டு ஒன்பது மணி நேரம் மூடிய பையில் தாங்காது.

இரண்டாவது விஷயம் சூடு. பறித்த பூவும் மூச்சுவிடும், மூச்சுவிடும்போது சூடு கிளப்பும். ஒரு கிலோவைப் பாலிதீன் பையில் திணித்து முடிச்சுப் போட்டால் நடுவில் இருக்கும் பூ வெந்துபோகும். பையைப் பிரித்ததும் உள்ளே கையை விட்டுப் பார்த்திருந்தால் வெதுவெதுப்பு தெரிந்திருக்கும். பையின் உட்பக்கத்தில் வியர்த்துச் சொட்டிய தண்ணீர் எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் பழுப்பு.

இரவு பஸ்ஸில்தான் அனுப்ப வேண்டும் என்றால், காலை மார்க்கெட்டில் வாங்கியதுமே குளிர்ச்சிக்குள் கொண்டுபோக வேண்டும். சாயந்திரம்வரை கூடத்தில் வைத்திருந்துவிட்டு அப்புறம் ஐஸ் வைத்து என்ன பயன்? முதலில் பூவை நிழலில், ஈரத்துணி மேல் மெல்லிசாகப் பரப்பி, வயல் சூட்டையும் மேலே ஒட்டிய பனி ஈரத்தையும் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். காற்றாடி மெதுவாக ஓடட்டும். ஒரு தெர்மாகோல் பெட்டி எடுத்து அடியிலும் பக்கங்களிலும் வாழையிலை வையுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு செய்தித்தாளில் சுற்றி, பெட்டியின் இரு ஓரங்களில் நிறுத்துங்கள். ஒரு கிலோவுக்கு இரண்டு பாட்டில். பனிக்கட்டி நேரடியாகப் பூவில் பட்டால் இதழ் கண்ணாடி மாதிரி ஆகி, ஐஸ் இளகியதும் கறுத்துவிடும். தாள் சுற்றுவது அதற்குத்தான். பூ நாலு விரல் உயரத்துக்கு மேல் குவியக்கூடாது. மேலும் இருந்தால் நடுவே ஒரு வாழையிலை போட்டு இரண்டாம் அடுக்கு. மூடியில் பென்சில் பருமனில் நாலு துளை. அன்று பகலில் பாட்டிலை ஒருமுறையாவது மாற்றிவிட்டு, புதுப் பாட்டிலோடு பஸ்ஸில் ஏற்றுங்கள். பஸ்ஸின் டிக்கியில் எஞ்சின் பக்கம் வைக்காமல் முன்பக்கம் வைக்கச் சொல்வதும் முக்கியம்.

கட்டிய சரமாக அனுப்பினால் பந்தாக இறுக்கிச் சுருட்டாதீர்கள். முறுக்குச் சுற்றுவதுபோலத் தளர்வாகத் தட்டையாகச் சுற்றுங்கள். வாழைநாரில் கட்டியது ஈரத்தைப் பிடித்து வைக்கும். நூலில் கட்டினால் இறுக்கிய இடத்தில் காம்பு அறுபட்டு உதிரும்.

சென்னையில் கைக்கு வந்ததும் பெட்டியை அப்படியே ஃப்ரிட்ஜில் தூக்கி வைக்கக் கூடாது. பிரித்து, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். மூடியில்லாமல் வைத்தால் மறுநாள் காபியில் மல்லி மணக்கும்.

இத்தனை பாடு எதற்கு என்று தோன்றினால், அதுவும் நியாயம்தான். கோயம்பேட்டுக்குத் தென்மாவட்டத்துப் பூ தினமும் வந்து இறங்குகிறது. மகள் வீட்டுப் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் முதல்நாளே பணம் கொடுத்து, "நாளைக் காலைச் சரக்கில், மொட்டாக, இவ்வளவு முழம்" என்று சொல்லிவைத்தால் வளைகாப்பில் எல்லார் தலையிலும் மொட்டாகவே இருக்கும். முழம் யார் கை முழம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தை மாதக் கல்யாணத்துக்குப் பூ வீட்டுக்கே கொண்டுவந்து தர ஐப்பசியிலேயே விலை கேட்டால், கடைக்காரர் சொன்ன தொகை மயக்கம் வரவைக்கிறது. கொள்ளையா?
— திண்டுக்கல் வாசகர்

அவருடைய பயத்தை உங்கள் தலையில் கட்டுகிறார். மார்கழி, தைப் பனியில் மல்லிச்செடி மொட்டு வைப்பது குறையும், பொங்கலும் முகூர்த்தமும் ஒன்றாக வரும், கிலோ ஆயிரங்களுக்குப் போகும். பங்குனி, சித்திரையில் வரத்து கொட்டும்போது அதே பூ சீந்துவாரின்றிக் கிடக்கும். ஐப்பசியில் விலை சொல்லச் சொன்னால் அவர் உச்சத்தைத்தான் சொல்லுவார். "அன்றைய மார்க்கெட் விலை, கட்டுக்கூலி தனி, கொண்டுவரும் கூலி தனி" என்று மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள். கூலி இரண்டையும் இப்போதே முடித்துக்கொள்ளலாம். மல்லியின் அளவைக் குறைத்து, நடுவில் கனகாம்பரமோ மரிக்கொழுந்தோ சேர்த்துக் கதம்பமாகக் கேட்டால் செலவு குறையுமா என்று பலர் நினைக்கிறார்கள். மரிக்கொழுந்தால் குறையும். கனகாம்பரம் எடையே இல்லாத பூ. கிலோக் கணக்கில் பார்த்தால் அதுவும் லேசில்லை.

கடையிலிருந்து வந்த ரோஜாக் கொத்து மறுநாளே கழுத்தைத் தொங்கப் போட்டுவிடுகிறது. தண்ணீர் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்.
— கோவை வாசகி

தண்ணீர் ஜாடியில் இருக்கிறது, பூவுக்குப் போகவில்லை. வெட்டிய தண்டு காற்றில் இருந்த நேரத்தில் அதன் நுண்குழாய்களுக்குள் காற்றுக் குமிழி ஏறி அடைத்துக்கொள்கிறது. அதோடு வெட்டுவாயில் பாக்டீரியா சேர்ந்து வழவழப்பாகி மீதியையும் அடைக்கிறது. முதலில் தாகப்படுவது பூவுக்குக் கீழே உள்ள மெல்லிய கழுத்துதான், அதனால் அது வளைகிறது.

கொத்து வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்குள் தண்டின் அடியை முக்கியபடியே, கூரான கத்தியால் சாய்வாக இரண்டு மூன்று செ.மீ. வெட்டுங்கள். தண்ணீருக்குள் வெட்டுவதால் புதுக் காற்று ஏறாது. காய்கறி வெட்டும் மழுங்கல் கத்தரி வேண்டாம், அது குழாயை நசுக்கிவிடும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக்கூடாது. முதலில் அழுகுவது அதுதான்.

ஜாடித் தண்ணீருக்கு: ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச்சாறு, அரை டீஸ்பூன் துணி வெளுக்கும் பிளீச். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, எலுமிச்சை தண்ணீர் ஏறுவதை எளிதாக்கும், பிளீச் பாக்டீரியாவை அடக்கும். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. எலுமிச்சையையும் பிளீச்சையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். முதலில் ஏதாவது ஒன்றை அந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துவிட்டு, அதற்குப் பின்தான் மற்றொன்று. இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றி, தண்டையும் அரை அங்குலம் மறுபடி வெட்டுங்கள்.

ஏற்கெனவே தொங்கியதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. தண்டை வெட்டி, பூவோடு சேர்த்துச் செய்தித்தாளில் நேராகச் சுருட்டி, கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். முந்தின நாள் தொங்கியது பெரும்பாலும் நிமிரும். மூன்று நாள் ஆனது நிமிராது. ஜெர்பராவுக்கு மட்டும் இதெல்லாம் தலைகீழ்: அதன் தண்டு மென்மையாக, ரோமத்தோடு இருப்பதால் ஜாடியில் மூன்று விரல் தண்ணீர் போதும், நிறைய ஊற்றினால் அழுகும். எந்தக் கொத்தானாலும் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கனியும் வாழை, மாம்பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனை ஒரே ராத்திரியில் தூங்க வைத்துவிடும்.

துக்க வீட்டுக்கு வெளியூரிலிருந்து மாலை அனுப்ப என்ன சொல்ல வேண்டும்?
— நெய்வேலி வாசகர்

முதல் கேள்வி கடைக்காரரிடம் இல்லை, அந்த வீட்டுக்காரரிடம்: "எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?" அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது மாலை போய்ச் சேர வேண்டும். எடுத்தபின் வரும் மாலையை என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியாது. கடையில் "சாவு மாலை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வெறும் மாலை என்றால் ஜரிகையும் குஞ்சமும் வைத்துக் கட்டிவிடுவார்கள். ரோஜாவோ சம்பங்கியோ செவ்வந்தியோ எதுவும் சரி. அனுப்புகிறவர் பெயரை அட்டையில் எழுதிக் கட்டச் சொல்லுங்கள், கையால் கொடுக்க ஆள் இல்லாதபோது அதுதான் அடையாளம். கிறிஸ்தவ வீடு என்றால் மலர்வளையம் கேளுங்கள். இஸ்லாமிய வீடு என்றால் மாலை அனுப்புமுன் நெருங்கியவர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

திருநெல்வேலியில் பூக்கடையோடு வீடு தேடிக் கொடுக்கும் சேவையும் ஆரம்பிக்கப் போகிறேன். ஒரு பைக்தான் இருக்கிறது. எதில் கவனம் வேண்டும்?
— இளம் கடைக்காரர்

பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளை பக்கத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். மாலைக்கும் உதிரிக்கும் சரக்குக் கவலை இல்லை. கவலை வெயிலும் வண்டியும்.

கொண்டுகொடுக்கும் நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள்: காலை ஏழு முதல் பதினொன்று, மாலை நாலரைக்கு மேல். நடுப்பகல் ஆர்டரை மறுக்கத் தைரியம் வேண்டும். சித்திரை மாதத்து இரண்டு மணிக்கு ரோஜாவை பைக்கில் கொண்டுபோனால், பூவைக் கொடுமைப்படுத்துவதோடு கடைப் பேரும் போகும்.

வண்டியில் பூவைக் கொல்வது வெயிலைவிடக் காற்று. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று பட்டால் இதழ் கால்மணி நேரத்தில் காய்ந்து ஓரம் சுருங்கும். உணவு கொண்டுபோகிறவர்கள் முதுகில் மாட்டும் பெட்டி மாதிரி ஒன்று வாங்கி, அதைப் பின் கேரியரில் நிமிர்த்திக் கட்டுங்கள். உள்ளே அடியில் ஒரு தெர்மாகோல் பலகை. அதில் கொத்து நிற்கும் அளவுக்கு மூன்று வட்டத் துளை. கொத்தின் அடித்தண்டில் ஈரப் பஞ்சு, அதன்மேல் சின்ன பாலிதீன், ரப்பர் பேண்ட். துளையில் செருகினால் வளைவில் சாயாது. மாலையை இதில் மடக்கித் திணிக்காதீர்கள். அகலமான அட்டைப்பெட்டியில் வாழையிலை விரித்து, வட்டமாக, பதக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மடங்கிய இடத்தில் ரோஜா இதழ் கறுத்தால் அது கண்ணுக்கு நேரே தெரியும்.

ஸ்பாஞ்ச் வைத்த கூடை அலங்காரம் செய்வீர்களானால், பச்சை ஓயாசிஸ் கட்டியைத் தண்ணீரில் மிதக்க விட்டுத் தானாக மூழ்கும்வரை காத்திருங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். கையால் அமுக்கினால் வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த பொந்தும் இருக்கும். அந்தப் பொந்தில் தண்டு நின்ற பூ மட்டும் சாயந்திரமே வாடும். குத்திய தண்டைப் பிடுங்கி அதே துளையில் மறுபடி குத்தக்கூடாது, ஒருமுறை உலர்ந்த கட்டி மறுபடி சரியாக ஊறவும் ஊறாது. அது மக்காத பிளாஸ்டிக் வகை, செடித்தொட்டியில் போடாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் எடுக்கும்போது வாங்குகிறவர் எண்ணோடு, பெறுகிறவர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். "சர்ப்ரைஸ், ஃபோன் பண்ணக்கூடாது" என்பவர்கள் நிறையப் பேர். அப்படியானால் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யாரிடம் கொடுப்பது, எதிர்வீடா, வாட்ச்மேனா, திரும்பக் கொண்டுவந்தால் இரண்டாம் முறைக்குக் கூலி உண்டா என்று அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் நின்று பேசினால் சண்டைதான். ஆஸ்பத்திரி ஆர்டர் என்றால் வார்டில் பூ அனுமதிக்கிறார்களா என்று கேட்காமல் கட்டவே ஆரம்பிக்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் விடமாட்டார்கள்.

கடைசியாக அளவு. ஒரு பைக்குக்கு ஒரு நேரத்தில் நாலு இடம், அதற்கு மேல் ஏற்காதீர்கள். ஐந்தாவது வீட்டுக்குப் போகும் கொத்து மற்ற நாலு வாசலிலும் காத்திருந்து போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அலுவலகத்திலிருந்து அனுப்பிய லில்லிக் கொத்தின் மஞ்சள் தூள் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. துவைத்தும் போகவில்லை.
— சென்னை வாசகர்

தண்ணீர் பட்டதும் சாயம் ஊறிவிட்டது, இனி சிரமம். அடுத்த முறை தூள் பட்டால் தேய்க்காமல், நனைக்காமல், செல்லோடேப்பை மேலே ஒட்டி ஒட்டி எடுங்கள். அதற்கும் முன்னால், லில்லி விரிய ஆரம்பித்ததுமே நடுவில் ஆடும் ஆறு மகரந்தப் பைகளையும் டிஷ்யூ தாளால் கிள்ளி எடுத்துவிட்டால் தூளே கொட்டாது, பூவும் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கும். வீட்டில் பூனை இருந்தால் லில்லிக் கொத்தை உள்ளேயே விடாதீர்கள். இலை, இதழ், அந்தத் தூள், ஜாடித் தண்ணீர் எதுவாக இருந்தாலும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். நக்கிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.